லென்ஸின் மேற்பூச்சு

குர்லாவின் லோகமான்ய திலகர் முனையத்தில், ஊருக்குப் புறப்படும் பெற்றோரை எதிர்வெயிலில் நிறுத்திப் பிலிமில் படமெடுக்கிறோம். கழுவிப் பார்த்தால் புகை மூடினாற்போல் வெளிறியிருக்கிறது. மீண்டும் எடுக்க அவர்கள் இங்கில்லை. காரணம் யாது? பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்புகிறது. அது லென்ஸுக்குள் அலைந்து நிழல்களை வெளுக்கிறது. 1935-இல் ஜெர்மனியில் ஸ்மாகுலா கண்ட ஒற்றைப் பூச்சு அதனை 1.5 சதவீத அளவுக்குக் குறைத்தது. 1971-இல் பென்டாக்ஸ் வெளியிட்ட பல்லடுக்குப் பூச்சு இன்னும் வெகுவாகக் குறைத்தது. ஆயினும், மூன்று நான்கு கண்ணாடிகளே கொண்ட லென்ஸுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் ஒற்றைப் பூச்சே போதும் என்பது நம் கருத்து. பம்பாய் வெயிலில் நிழல் சற்று இளகுவதும் நன்றே. ஜூம் லென்ஸில் பரப்புகள் பல. அங்கே பல்லடுக்கையே நாடுவோம். எவ்வகையாயினும் முகப்பில் வெயில்மறைப்பு ஒன்றை மாட்டுவோம். அதன் விலை சொற்பம்.