பனிமலையில் ஒரு பகற்பொழுது

பனிமலை என்றதும் நம் மனக்கண் முன் எவரெஸ்டும், பிராணவாயுக் கலம் சுமந்து ஏறும் வீரர்களும் தோன்றுவது இயல்பு. நான் இன்று கூற வந்தது அத்தகைய வீரச்செயலைப் பற்றி அன்று. காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய குளிர்கால நடைப்பயணம் பற்றியே பேச விரும்புகிறேன்.

உத்தரகண்ட் மாநிலத்தில் சோப்தா என்றோர் இடம் உண்டு. அங்கிருந்து சுமார் 3½ கிலோமீட்டர் ஏறினால் துங்கநாதர் ஆலயம். பஞ்ச கேதாரத் தலங்களுள் மிக உயரத்தில் உள்ளது இதுவே. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 12,000 அடி. இன்னும் 1½ கிலோமீட்டர் சென்றால் சந்திரசிலா என்னும் சிகரம். குளிர்காலத்தில் கோயில் மூடப்படும். உற்சவ மூர்த்தி கீழேயுள்ள மக்கூமட் கிராமத்துக்கு எழுந்தருளுவார். இறைவனே மலையிறங்கும் காலத்தில் மனிதன் ஏறுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். தூசற்ற குளிர்காலக் காற்றின் ஊடே சௌகம்பா சிகரம் கைக்கெட்டும் தொலைவில் நிற்பதுபோல் தெரிவதைக் கண்டவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

ஆனால் பனிக்கென்று சில நியதிகள் உண்டு. குளிருக்கு அஞ்சி அளவுக்கு மீறி உடுத்தினால் ஏற்றத்தில் வியர்க்கும். நின்றவுடன் அவ்வியர்வையே உடலைக் குளிர வைக்கும். நனைந்த பருத்தி உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு காக்கும். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால், கறுப்புக் கண்ணாடி அணியாதவர் கண் நோவுக்கு ஆளாவார். தண்ணீர் மேற்புறத்திலிருந்தே உறையத் தொடங்கும். எனவே குப்பியைத் தலைகீழாக வைத்துக்கொள்வர் மலைவாசிகள்.

இவை யாவற்றிலும் பெரிய நியதி ஒன்றை ஒரு ஜனவரி மாதத்தில் அங்கேதான் அறிந்தேன். அப்பருவத்தில் காலை ஏழு மணிக்குப் பின்னரே கதிரவன் உதிப்பான். மாலை ஐந்தரை மணி அளவில் மறைந்துவிடுவான். நானும் நண்பர் ஒருவரும் உள்ளூர் வழிகாட்டியுடன் புறப்பட்டபோது, பகல் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று அவர் முதலிலேயே கூறிவிட்டார்.

முழங்கால் அளவுப் பனியில் நடந்து ஆலயத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சிகரம் எதிரே தெரிந்தது. நண்பருக்கு வயது அறுபத்திரண்டு. “இனி ஒருமுறை இங்கு வர எனக்குக் கொடுத்துவைத்திருக்குமோ, என்னவோ! இன்னும் ஒரு மணி நேரம்தானே?” என்றார். அக்குரலில் இருந்த ஏக்கம் என்னையும் அசைத்தது. வழிகாட்டி வாதாடவில்லை. நாங்கள் ஏறிவந்த சரிவின்மேல் நிழல் படியத் தொடங்கியிருந்ததைச் சுட்டிக் காட்டினார். வெயிலில் இளகிய பனி, நிழல் விழுந்ததும் இறுகிக் கண்ணாடியாகிவிடும் என்றார். நண்பர் சற்று நேரம் சிகரத்தையே பார்த்து நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் திரும்பினார்.

இறங்கும் வழியில், காலையில் எங்கள் காலடிகள் புதைந்த ஒரு வளைவு, தடியின் முனையும் இறங்காதவாறு உறைந்து கிடந்தது. காலணியில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் ஊன்றிப் பார்த்து அதனைக் கடந்தோம். வெளிச்சம் இருந்ததால் கடந்தோம். நான்கு மணிக்குச் சோப்தாவை அடைந்தோம்.

நண்பர் இன்றுவரை சந்திரசிலாவின் உச்சியைக் காணவில்லை. அந்தக் குறை அவருக்கு உண்டு. அதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் சிகரம் என்பது பாதையின் முடிவன்று, நடுவழியே. மேலே ஏறுவதற்கு வேண்டிய வலிமையை மட்டும் கணக்கிடுபவன் பாதிக் கணக்கையே போட்டவன் ஆவான். திரும்பும் நேரத்தை, களைப்பும் ஆசையும் அறிவை மறைக்காத காலைப் பொழுதிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். செய்த முடிவை உச்சி கண்ணில் படும்போதும் மாற்றாதிருக்க வேண்டும். பனிமலை ஏறுவோர்க்கு வேண்டிய துணிவுகளுள் அதுவே தலையாயது என்பது என் கருத்து.