எப்பவோ முடிந்த காரியமா?

(எங்கள் சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



ஆன்மீகமாக ஏதாவது கதையுங்கோ என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டு, இங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். சமயம் படித்த பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கேள்வி கன காலமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. காலம் என்பது உண்மையா, அல்லது வெறும் தோற்றமா?

புத்தாண்டு என்றவுடன் எங்கள் வீடுகளில் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை மணிக்கு வருஷம் பிறக்குது?" என்பதுதான். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும். திருக்கணித பஞ்சாங்கம் இன்னொரு நேரம் சொல்லும். சில வருஷங்களில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட வித்தியாசம் வரும். கிரின்ஸ்டெட்டில் இருக்கிற நாங்கள் அதிலிருந்து இன்னும் மூன்றரை மணித்தியாலம் கழிக்க வேண்டும். ஒரே சூரியன், ஒரே மேட ராசி. மருத்துநீர் வைக்கிற நேரம் மாத்திரம் வீட்டுக்கு வீடு வேறு.

இலங்கையில் 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருஷம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. வன்னியில் பழைய நேரமே இருந்தது. ஆகவே 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஓமந்தையைத் தாண்டி வடக்கே போனால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். முகமாலையைத் தாண்டி யாழ்ப்பாணம் போனால் திரும்பவும் முன்னுக்கு. "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்கும் போக முடியாது. 2006 சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் நாடு முழுக்கப் பழைய நேரத்துக்குத் திரும்பியது. சின்னப் பெடியனாக இருந்தபோது நான் அப்பாவிடம் கேட்டேன், அந்த அரை மணித்தியாலம் எங்கே போனது என்று. அவர் சிரித்துவிட்டு, "அது ஒரு இடமும் போகேல்லை, அது இருக்கவே இல்லை" என்றார்.

அப்படியென்றால் மணிக்கூட்டு நேரம் மனிதர் போட்ட ஒப்பந்தம். அதற்காகக் காலமே பொய் என்று சொல்லலாமா? காலை வேலைக்கு ஐந்து நிமிஷம் பிந்திப் போய்ப் பாருங்கோ. மார்கழியில் ஏழு மணித்தியாலப் பகலும், ஆனியில் பதினேழு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பகலும் எங்கள் உடம்புக்குத் தெரியும். எங்கள் தலை நரைக்கிறது. பிள்ளைகளின் சப்பாத்து ஆறு மாதத்தில் அளவில்லாமல் போகிறது.

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகள் இருந்தார். ஊர் அவரை விசர் என்றது. 1915இல் சமாதியானார். அவருடைய சீடர் யோகர் சுவாமிகள், 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். இரணைமடுக் குளத்து வேலைத்தலத்தில் பண்டகசாலைப் பொறுப்பில் இருந்தவர். எங்களைப் போல நேரத்துக்கு வேலைக்குப் போய் வந்த மனுசன். வேலையை விட்டுக் குருவிடம் போனார். பிறகு கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில் இருந்தார். 1964இல் சமாதியானார். குரு அவருக்குக் கொடுத்த நாலு வாக்கியங்கள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்பவோ முடிந்த காரியம். நாமறியோம். ஒரு பொல்லாப்பும் இல்லை. முழுதும் உண்மை.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். நடந்தது, நடக்கிறது, நடக்கப் போவது எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது என்றால் காலத்துக்கு என்ன வேலை? அத்துவைதம் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிகிறது போல, பிரமம் ஒன்றே உலகமாகவும் காலமாகவும் தெரிகிறது என்பது சங்கரர் வழி. ரமணர் 1896இல் மதுரையில் பதினாறு வயதில் சாவுப் பயத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனவர். இறந்த காலமும் எதிர்காலமும் நிகழ்காலத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன என்று அவர் 'உள்ளது நாற்பது' நூலில் காட்டுகிறார். நேற்றைய நினைவும் இப்போதுதான் வருகிறது, நாளைய பயமும் இப்போதுதான் வருகிறது. இரவு வேலையில் பத்து நிமிஷ இடைவேளைக்குள் கண்ணயர்ந்து, ஊரில் ஒரு முழு நாளை வாழ்ந்துவிட்டு எழும்பியவர்களுக்கு இது விளங்கும்.

எங்கள் சைவசித்தாந்தம் இதை ஒப்புக்கொள்ளாது. அதன் முப்பத்தாறு தத்துவங்களில் காலமும் ஒன்று. மாயையிலிருந்து வந்தது, ஆனால் பொய்யில்லை. சித்தாந்தத்தில் மாயை என்றால் குடத்துக்கு மண் போல, உலகத்துக்கு மூலப்பொருள். வினையை அனுபவித்துத் தீர்க்க உயிருக்குக் காலம் வேண்டும். சிவன் காலத்தைக் கடந்தவன். நாங்கள் அதற்குள் இருந்துதான் பழுக்க வேண்டும்.

விஞ்ஞானியும் இதைத் தொட்டிருக்கிறார். 1955 மார்ச்சில் ஐன்ஸ்டைனின் நெடுநாள் நண்பர் மிசேல் பெசோ இறந்தார். அவருடைய குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், இறப்பு நிகழ்வு எதிர்வு என்ற பிரிவு, எவ்வளவு விடாப்பிடியாக இருந்தாலும், பௌதிகம் நம்புகிறவர்களுக்கு ஒரு மாயத்தோற்றம்தான் என்ற கருத்தில் எழுதினார். அடுத்த மாதமே அவரும் போய்ச் சேர்ந்தார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். 2009 மே மாதத்தோடு அவவின் மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவ அழுதபோது என்ன சொல்லுறது என்று தெரியாமல், பெரிய ஞானி மாதிரி, "அம்மா, எல்லாம் எப்பவோ முடிந்த காரியம்" என்றேன். அவ அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தா. "முடிஞ்சதெண்டு ஆர் தம்பி சொன்னது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றா.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவவுக்குக் காலம் ஓடவில்லை. அதே மே மாதத்தில் நிற்கிறது. மகனுக்கு இப்ப என்ன வயசு என்று மாத்திரம் ஒவ்வொரு வருஷமும் கணக்குப் பார்க்கிறா. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரிடம் போய்க் காலம் மாயை என்று சொல்ல எங்களுக்கு என்ன தகுதி? அப்படிச் சொன்னால் அது ஞானம் இல்லை. கேள்வியைக் கேட்காதே என்று வாயைப் பொத்துகிற வேலை.

அந்த இரவு வேலையில் நாலு வாக்கியத்தையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நான் ஒன்றைப் பிடுங்கி எடுத்துச் சொல்லிவிட்டேன். குரு நாலையும் சேர்த்துத்தான் கொடுத்தார். முடிந்த காரியம் என்கிறவர், உடனே நாமறியோம் என்கிறார். எது முடிந்தது என்று சொல்ல எங்களுக்கு அறிவில்லை. கடைசியில் முழுதும் உண்மை என்கிறார். பொய் என்ற சொல்லே இந்த நாலிலும் இல்லை. அப்படியென்றால் அந்த அம்மாவின் கண்ணீரும் உண்மை, அவ பார்த்துக்கொண்டிருக்கிற வாசலும் உண்மை. ஒரு பொல்லாப்பும் இல்லை என்ற வாக்கியம் எனக்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது. அதை விளங்கியதாக நான் நடிக்க மாட்டேன்.

எனக்குப் பட்டது இதுதான். இந்த வாக்கியம் குரு சீடனுக்குச் சொன்னது. அதைத் தன் தன் மனதுக்குச் சொல்லலாம். நான் கோபத்தில் ஒருவரை வருஷக்கணக்காக மன்னிக்காமல் இருந்தால், எனக்கு நானே சொல்லலாம், எப்பவோ முடிந்த காரியம் என்று. இன்னொருவரின் துக்கத்துக்கு முன்னால் அதைச் சொல்லக் கூடாது. அங்கே பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கலாம்.

நான் அந்த அம்மாவிடம் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன தம்பி, மகனின்ர கதையைக் கேக்கிறியா?" என்றா. இரண்டு மணித்தியாலம் கேட்டேன். அந்த இரண்டு மணித்தியாலமும் நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. காலம் இல்லை என்று ஞானிகள் சொல்வது எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குக் கிட்டவாக நான் போனது அன்றைக்கு மாத்திரம்தான்.

ஆகவே உறவுகளே, இந்தப் புத்தாண்டு எந்தப் பஞ்சாங்கப்படி பிறந்தாலும், கைவிசேடம் கொடுக்கும்போது கொஞ்ச நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஊரில் தனிய இருக்கிற தாய் தகப்பனுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். இந்த ஊரில் தனிய இருக்கிறவர்களின் கதவைத் தட்டுங்கள். காலம் உண்மையோ தோற்றமோ, கொடுத்த நேரம் வீண் போகாது.

எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.