மலையேறி வரவேண்டிய கண் மருத்துவம்

 

நாற்பது வயதைக் கடந்தவர் பத்திரிகையைக் கைநீட்டித் தூரப் பிடித்து வாசிக்கத் தொடங்கினால், அதனை நம் முன்னோர் வெள்ளெழுத்து என்று அழைத்தனர். அது நோயன்று. கண்ணின் வில்லை வயதோடு இறுகுவதால் அருகிலுள்ள பொருள் தெளிவாகத் தெரியாத நிலை. நகரத்திலே இருப்பவர் கடைக்குச் சென்று மூக்குக்கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொள்வார். விடயம் அத்துடன் முடிந்துவிடும்.

வட்டவளைத் தோட்ட மலையொன்றிலே கூடை சுமந்து நிற்கும் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டிலையும் ஒரு மொட்டும் எங்கே இருக்கின்றன என்று விரலுக்குக் காட்டிக் கொடுப்பது கண். அது மங்கினால் முற்றல் இலை கலக்கும். கொழுந்தின் நிறை குறையும். நிறை குறைந்தால் அந்நாள் அரைப்பேராகிவிடும் என்பதை மலையகத்தில் வாழும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. கை முன்போல் ஓடவில்லை, வயதாகிவிட்டது என்று அவர் தம்மையே நொந்துகொள்வார். கண்ணைப் பற்றிய நினைவே எழாது.

இது வெறும் ஊகமன்று. இந்தியாவின் அசாம் மாநிலத்தில் நாற்பது வயதைத் தாண்டிய 751 கொழுந்து பறிப்போரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2018 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அவர்களில் ஒரு பாதியினருக்கு உடனே மூக்குக்கண்ணாடி கொடுத்தார்கள்; மறுபாதியினருக்கு ஆய்வு முடிந்த பின்னரே கொடுத்தார்கள். கண்ணாடி அணிந்தவர்கள் பறித்த கொழுந்து, நாளொன்றுக்குச் சராசரியாக 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவாக உயர்ந்தது. பருவம் நன்றாயிருந்ததால் மற்றவர்களுக்கும் சிறிது கூடத்தான் செய்தது. அதனைக் கழித்துப் பார்த்தாலும் கண்ணாடியால் விளைந்த பயன் நூற்றுக்கு 21 வீதத்துக்கும் மேல். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் அது 31 வீதத்தையும் தாண்டியது. கண்ணாடியின் செலவோ பத்து டொலர் அளவே. தேயிலைத் தொழிலின் உற்பத்தி பற்றி ஓயாது பேசுவோர் இந்தக் கணக்கை ஏன் பேசுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். கண்புரைக்கு அது போதாது; சத்திரசிகிச்சை வேண்டும். 2014, 2015 ஆண்டுகளில் நம் நாடெங்கும் நடத்தப்பட்ட ஆய்வின்படி, 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 1.7 பேர் பார்வையற்றவர்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் இருளுக்குக் காரணம் கண்புரையே. அதாவது, திருப்பித் தரக்கூடிய பார்வையைத்தான் அவர்கள் இழந்திருக்கிறார்கள்.

அப்படியானால் தடை எது? வட்டவளையிலே அரசாங்கத்தின் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. குளவி கொட்டியவர்களைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடுவது அங்கேதான். ஆனால் பிரதேச வைத்தியசாலை என்ற தரத்திலுள்ள இடங்களுக்கு விசேட வைத்திய நிபுணர்கள் நியமிக்கப்படுவதில்லை. ஆதார வைத்தியசாலையிலிருந்துதான் அது தொடங்குகிறது. ஆகவே கண்ணுக்கென்றால் டிக்கோயா, நாவலப்பிட்டி, கண்டி என்று பயணப்பட வேண்டும். சிகிச்சை இலவசந்தான், பயணம் இலவசமன்று. பார்வை மங்கியவர் தனியே போக முடியாது. மகனோ மகளோ துணைக்குப் போனால் இருவருடைய நாட்கூலியும் போயிற்று. பரிசோதனைக்கு ஒரு நாள், சத்திரசிகிச்சைக்கு ஒரு நாள், மறுபடி காட்டுவதற்கு ஒரு நாள் என்றால் எத்தனை கூலி? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலைநாட்டின் பாதைகளையே அறுத்தபோது, தூரத்து வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்பதை எல்லோரும் கண்டோம்.

டிக்கோயாவில் இந்திய அரசின் உதவியோடு எழுந்த 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. பெரிய கட்டடங்கள் வரட்டும். ஆயினும் லயத்துக்கும் கட்டடத்துக்கும் இடையிலுள்ள மலையைக் கட்டடம் குறைத்துவிடாது.

அதனைக் குறைத்துக் காட்டியவர்கள் அயலிலே இருக்கிறார்கள். கோவிந்தப்ப வெங்கடசாமி என்னும் கண் வைத்தியர் அரச பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976 ஆம் ஆண்டு மதுரையில் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடித்தார். விலை கூடிய செயற்கை வில்லையை மலிவாகச் செய்வதற்கு 1992 இல் ஆரோலாப் என்னும் தொழிற்கூடம் தோன்றியது. நமக்கு மிகவும் பொருந்துவது அவர்கள் பின்னர் கிராமங்களில் அமைத்த பார்வை மையங்கள். சிறிய அறை, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி, பயிற்சி பெற்ற இளம்பெண்கள், பெரும்பாலும் அந்தக் கிராமப் பக்கத்தவர்களே. அவர்கள் பரிசோதித்துப் படத்தை இணையத்தின் வழியாக அனுப்ப, நகரத்து வைத்தியர் நோயாளியோடு நேரே பேசித் தீர்ப்புச் சொல்கிறார். கண்ணாடி போதுமானவருக்குக் கண்ணாடி. சத்திரசிகிச்சை வேண்டியவர் மட்டும் பயணம் செய்கிறார். இன்று அத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேல் உண்டு.

கண் முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. முகாம் நடத்துவோரின் நன்மை வீண்போகாது. எனினும் வருடத்துக்கொரு நாள் வந்து, பதாகை கட்டி, படமெடுத்துச் செல்லும் முகாம் மருத்துவமாகாது. சத்திரசிகிச்சையின் பின் வாரக்கணக்கில் சொட்டு மருந்து இட வேண்டும். லயத்து அடுப்புப் புகையிலிருந்து கண்ணைக் காக்க வேண்டும். சிவந்தால், வலித்தால் அன்றே காட்ட வேண்டும். அன்றைக்கு முகாம் எங்கே இருக்கும்? வட்டவளை வைத்தியசாலைதான் இருக்கும்.

இது நமக்குப் புதிய சிந்தனையுமன்று. கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 1284 ஆம் ஆண்டளவில் அமைத்த மன்சூரி மருத்துவமனையிலே கண் நோயாளருக்கெனத் தனிப்பகுதி இருந்தது. உணவும் மருந்தும் வைத்தியர் ஊதியமும் வக்புச் சொத்தின் வருமானத்திலிருந்து வழங்கப்பட்டன. அதற்கும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன், மோசூலில் பிறந்து எகிப்தில் பணியாற்றிய அம்மார் இப்னு அலீ, துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதிவைத்தார். பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெருமை பேசிப் பேசியே நாம் களைத்துவிட்டோம். அந்த வக்பின் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஹட்டனிலும் கினிகத்தேனையிலும் வட்டவளையிலும் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! உங்கள் கல்லாவில் விழும் காசிலே கொழுந்து பறித்த கையின் ஈரம் இருக்கிறது. ஸகாத்துக்குரியோர் யார் யார் என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஸதகாவுக்கு அந்த வரையறை இல்லை. துணைக்கு வருபவரின் ஒரு நாட்கூலியையும் வாகனச் செலவையும் பள்ளிவாசல் நிர்வாகம் ஏற்றால், எத்தனையோ முதியவர்கள் கண்டி வரை போய் வருவார்கள். அவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்க வேண்டாம்.

பெற்றோர்களே! கரும்பலகை தெரியாத பிள்ளையைச் சோம்பேறி என்று அடிக்காதீர்கள். மகளுக்குக் கண்ணாடி போட்டால் வரன் அமையாது என்று அவளுடைய படிப்பைக் கெடுக்காதீர்கள். கண் சிவந்தால் பச்சிலைச் சாறு ஊற்றாதீர்கள். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீரொயிட் இருக்கும். நாட்கணக்கில் இட்டால் அதுவே கண்ணின் அழுத்தத்தைக் கூட்டி நரம்பை அழிக்கும். நீரிழிவு உள்ளவர் பார்வை நன்றாயிருந்தாலும் வருடத்துக்கொரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். வட்டிலப்பத்தை மறுக்க முடியாத நம் குடும்பங்களில் இது எத்தனை பேருக்குரிய செய்தி என்பதை நீங்களே அறிவீர்கள்.

இளைஞர்களே! பார்வையை அளக்கும் பலகையை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். எழுத்தறியாதவருக்கும் அதிலே வழியுண்டு; குறியின் கால்கள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று கையால் காட்டினால் போதும். வைத்திய அதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். நீரிழிவுக் கிளினிக் நாளிலே மக்கள் எப்படியும் வரிசையில் அமர்ந்திருப்பார்கள். ஒரு சுவரில் பலகை, அதிலிருந்து ஆறு மீட்டர் தூரத்தில் ஒரு நாற்காலி, பெயரும் அளவும் எழுத ஒரு கொப்பி. அந்தக் கொப்பியோடு அடுத்த மாதம் டிக்கோயாவுக்கு யார் யார் போக வேண்டும் என்று கணக்கெடுத்து, ஒரே வாகனத்தில் அழைத்துச் செல்லுங்கள்.