மனசுல பட்டதை எழுதினா ஜெயிலா?

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து வந்தது. எங்க ஊர் அறந்தாங்கித் தம்பி ஒருத்தர், சென்னையில ஐடி வேலை. "அண்ணே, ஆபீஸ்ல நடக்குறதை ஆன்லைன்ல எழுதலாமா? எதையும் எழுதாதே, போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்னு அம்மா சொல்றாங்க"ன்னு கேட்டிருந்தார்.

அம்மாவோட பயம் சும்மா வந்ததில்லை. 2012 அக்டோபர்ல புதுச்சேரியில ஒரு சிறு தொழிலதிபர், அப்போதைய மத்திய நிதியமைச்சரோட மகனைப் பத்தி ட்வீட் போட்டதுக்காகக் கைதானார். அவருக்கு இருந்ததே 16 ஃபாலோயர்ஸ்தான்! அடுத்த மாசம் மகாராஷ்டிராவுல பால்கர்ங்கிற ஊர்ல, பால் தாக்கரே மறைவுக்கு எதுக்குக் கடையடைப்புன்னு ஒரு பொண்ணு ஃபேஸ்புக்ல கேட்டாங்க. தோழி அதுக்கு லைக் போட்டாங்க. ரெண்டு பேரும் கைது.

இதுக்கெல்லாம் கை கொடுத்தது ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவு. கடுமையாப் புண்படுத்துற மெசேஜ் அனுப்பினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். எது புண்படுத்தும், யாரை? சட்டத்துல விளக்கம் இல்லை. ஷ்ரேயா சிங்கால்ங்கிற சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் போனாங்க. 2015 மார்ச் 24 அன்னைக்கு அந்தப் பிரிவு மொத்தமா ரத்து. ஒரு விஷயத்தை விவாதிக்கிறதும், அதுக்கு ஆதரவாப் பேசுறதும் உரிமை; அது தூண்டிவிடுற அளவுக்குப் போனாத்தான் அரசு தலையிடலாம்னு தீர்ப்பு சொல்லுது. அதுக்கப்புறமும் சில இடங்கள்ல போலீஸ் அதே பிரிவுல கேஸ் போட்டுக்கிட்டே இருந்தாங்க. 2022 அக்டோபர்ல கோர்ட் திரும்பவும் உத்தரவு போட வேண்டியிருந்துச்சு.

ஆனா வேலை விஷயம் வேற. பேச்சுரிமை அரசாங்கத்துக்கு எதிரான பாதுகாப்பு. தனியார் கம்பெனி உங்களை வேலையை விட்டுத் தூக்கினா அந்தத் தீர்ப்பு நேரா வந்து நிக்காது. அவதூறுச் சட்டமும் அப்படியேதான் இருக்கு: முன்னாடி ஐபிசி 499, 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 356. ஒரு கம்பெனிகூட அதுல கேஸ் போடலாம். "உண்மையைத்தானே எழுதினேன்"னு சொன்னா மட்டும் பத்தாது. அதை வெளிய சொன்னது பொது நலனுக்குன்னும் காட்டணும்.

அதனால தம்பி, "திருட்டுக் கம்பெனி"ன்னு எழுதாதீங்க. "மூணு மாசமா சனிக்கிழமையும் வேலை, கூடுதல் சம்பளம் தரல"ன்னு நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க. கையில ஆதாரம் இருக்கட்டும். கிளையன்ட் பேரு, கோடு, ஸ்க்ரீன்ஷாட் எதுவும் வேண்டாம். ஆஃபர் லெட்டரோட கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தத்தை ஒருதடவை முழுசாப் படிச்சிடுங்க.

அடுத்தது ஹெல்த். 2021 ஏப்ரல், ரெண்டாவது அலை. ஆக்சிஜன் இல்லை, பெட் இல்லைன்னு மக்கள் சோஷியல் மீடியாவுல கதறுனப்ப, அதை வதந்தின்னு சொல்லி நடவடிக்கை எடுக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 30 அன்னைக்குச் சொல்லிடுச்சு. மீறினா கோர்ட் அவமதிப்புன்னும் எச்சரிச்சது. அப்போ அந்த மாதிரிப் போஸ்ட்டைப் பார்த்துத்தான் பல பேர் சிலிண்டர் தேடிப் போனாங்க.

அதுக்காக எல்லாத்தையும் எழுதிடலாமா? "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல"ங்கிறது உங்க அனுபவம். "சுகர் மாத்திரையை நிறுத்துங்க"ங்கிறது அடுத்தவங்க உடம்பு. அதைப் படிச்சு யாரோட அப்பா நிறுத்துவார்னு உங்களுக்குத் தெரியாது. பக்க விளைவுன்னு சந்தேகம் வந்தா 1800-180-3024க்குப் போன் பண்ணுங்க. இது மருந்துப் பக்க விளைவுகளைப் பதிவு பண்ற அரசு எண்; டாக்டர்தான் பண்ணணும்னு இல்லை, நாமளே பண்ணலாம்.

கடைசியா, ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் அட்மின்களுக்கு ஒரு நல்ல சேதி. நம்ம புதுக்கோட்டை மாவட்ட வழக்கெல்லாம் போற மதுரைக் கிளை, 2021 டிசம்பர்ல ஒரு கேஸ்ல, வெறும் அட்மின்ங்கிறதுக்காக மட்டும் ஒருத்தரைக் குற்றவாளி ஆக்க முடியாதுன்னு சொல்லியிருக்கு. மாமா போடுற ஃபார்வர்டுக்கு மாமாதான் பொறுப்பு!

உங்க ஆபீஸ் கேள்விகளையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பேரு சொல்ல வேண்டாம்னா சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம்!