மத்தியப் புலனாய்வும் நமது விழிப்புணர்வும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)



வரவு செலவு வாசிக்கப்படும் இம்மன்றத்தில் சட்டம் குறித்துப் பேச நாம் முன்வந்தமைக்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்க, முதிய பெற்றோர் தனித்திருக்கும் இல்லங்கள் நம் குமராட்சிப் பகுதியில் பல. அத்தகைய இல்லத்திற்குக் கைப்பேசியில் அழைப்பு வருகிறது. காக்கி உடையில் தோன்றும் ஒருவன், “உம் மகன் பெயரிலான பார்சலில் போதைப்பொருள் உள்ளது. நாங்கள் சி.பி.ஐ. பணத்தைச் சரிபார்க்க அனுப்பும், யாரிடமும் பேசக் கூடாது” என்கிறான். இதற்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயர். இந்தியச் சட்டம் எதிலும் இப்படியொரு கைது கிடையாது. மெய்யான புலனாய்வு எவ்வாறு நடக்கும் என்றறிந்தவரை இப்பொய்யர் ஏமாற்றுவது அரிது.

அரசியல் சாசனப்படி காவல்துறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆகவே, 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சி.பி.ஐ. ஒரு மாநிலத்தில் விசாரிக்க அம்மாநில அரசின் இசைவோ, உயர் நீதிமன்றம் அல்லது உச்ச நீதிமன்றத்தின் ஆணையோ வேண்டும். தமிழக அரசு தனது பொது இசைவை 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உருவான தேசியப் புலனாய்வு முகமைக்கு இவ்விசைவு தேவையில்லை. அதன் வழக்குகளுக்கெனப் பூந்தமல்லியில் சிறப்பு நீதிமன்றம் உண்டு.

மத்திய அமைப்பு என்றாலே நம்மவர் அஞ்சுகின்றனர். ஆயினும் 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் இறந்த வழக்கில், காவலர்கள் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது இதே சி.பி.ஐ. தான். அந்நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் துணிந்து கூறினார்.

எந்த அமைப்பாயினும் நடைமுறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சாட்சியை விசாரணைக்கு அழைக்க எழுத்து மூலமான ஆணை வேண்டும். பெண்களையும் 60 வயது கடந்தோரையும் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். கைது செய்யின் கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சான்றொப்பமிட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். சோதனை காணொளியில் பதிவாக வேண்டும்; உள்ளூரார் இருவர் சாட்சியாக இருக்க வேண்டும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: சோதனைக்குச் சாட்சியாக அழைத்தால் நம் பெரியவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். கைப்பற்றியவற்றின் பட்டியலைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடும் உள்ளூரார், அவ்வீட்டாருக்குப் பேருதவி செய்தவராவார்.

சாதாரண வழக்குகளில் 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில் பிணை கேட்கும் உரிமை பிறக்கிறது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் இதனை நீதிமன்றம் 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம். இது மிக நீண்ட காலம் என்பதே நமது கருத்து. எனினும், அச்சட்டத்தில் கைதானோருக்கும் கைதுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டுமென 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

மீண்டும் அந்த அழைப்புக்கு வருவோம். ஹரியானாவின் அம்பாலாவில் முதிய தம்பதியரிடம் போலி நீதிமன்ற ஆணைகளைக் காட்டி ஒரு கோடிக்கும் மேல் பறித்தனர். இதனைத் தாமாகவே வழக்காக எடுத்த உச்ச நீதிமன்றம், 2025 டிசம்பர் 1 அன்று இம்மோசடிகளை விசாரிக்க சி.பி.ஐ.க்கு ஆணையிட்டு, பொது இசைவு தராத மாநிலங்களும் இதற்கு இசைவளிக்கக் கூறியது. எவர் பெயரைச் சொல்லி ஏமாற்றினரோ அவரே இன்று தேடி வருகின்றனர்!

பணம் இழந்தோர் வெட்கி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும். அழைப்பு வந்து குழம்புவோர் பணம் அனுப்பும் முன், எந்நேரமாயினும் நம்மிடமோ நிர்வாகிகளிடமோ வாருங்கள்.