கல்லில் எழுதிய பெயர்கள்



மத்தியப் பிரதேசத்தைச் சுற்றிப் பார்க்க நிறைய பேர் போகிறார்கள். கோயில், கோட்டை, புலி எல்லாம் பார்க்கிறார்கள். நாம் போனால் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் சாஞ்சி. போபால் நகரிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். ரயில் போகிறது. அங்கே குன்றின் மேல், கவிழ்த்த சட்டி போல ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. அதன் பெயர் ஸ்தூபி. புத்த சமயத்தார் வணங்கும் இடம். முதலில் கட்டியவர் அசோகர். 2200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பின்னால் வந்தவர்கள் அதைக் கல்லால் மூடிப் பெரிதாக்கினார்கள். கல் வேலியும் நான்கு வாசல்களும் வைத்தார்கள்.

எல்லாரும் வாசலைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் வேலிக் கற்களை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன எழுத்துகள் தெரியும். அது பிராமி எழுத்து. பல நூறு ஆண்டுகள் அதைப் படிக்க ஒருவருக்கும் தெரியவில்லை. பெரிய பண்டிதர்கூட அதன் முன்னால் எழுத்தறியாதவர்தான்!

கல்கத்தா நாணயச் சாலையில் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் வேலை பார்த்தார். சாஞ்சி எழுத்துகளைப் படி எடுத்து அவருக்கு அனுப்பினார்கள். 1837-இல் அவர் ஒன்றைக் கவனித்தார். அநேகமாக எல்லா வரிகளும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. கோயிலுக்குக் கொடுத்தவர்கள் என்ன எழுதுவார்கள்? 'தானம்' என்றுதானே! நாம் சொல்லும் அதே தானம்தான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளையும் படித்தார். நீங்களும் தெரிந்த சொல்லிலிருந்துதானே எழுத்தைப் பிடித்தீர்கள்?

படித்தால், ராஜாக்களின் பெயர்கள் கொஞ்சம்தான். வணிகர், நெசவாளர், எழுத்தர், பிக்குணிகள், குடும்பப் பெண்கள் என்று சாதாரண மக்களின் பெயர்களே அதிகம். தெற்கு வாசலைச் செதுக்கியவர்கள் விதிஷா ஊரின் தந்த வேலைக்காரர்கள். அதுவும் கல்லிலேயே இருக்கிறது.

இன்று சிலர் ஆணியால் அங்கே தம் பெயரைக் கிறுக்குகிறார்கள். கொடுத்தது ஒன்றுமில்லை, கெடுத்ததுதான் மிச்சம். 2010-இல் திருத்திய சட்டப்படி இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இனி காட்டுக்குப் போவோம். மண்ட்லா, பாலாகாட் மாவட்டங்களில் கான்ஹா இருக்கிறது. 1955-இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே பாராசிங்கா என்ற மான் உண்டு. கிளை கிளையாகக் கொம்பு இருக்கும். 1970-இல் 66 மான்கள்தான் மிஞ்சின. இன்று நூற்றுக்கணக்கில் மேய்கின்றன.

இது எப்படி நடந்தது? காட்டுக்குள் இருந்த ஊர்களை வெளியே மாற்றினார்கள். பைகா, கோண்டு மக்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் போனார்கள். வயல்கள் புல்வெளி ஆயின. மானுக்குப் புல் கிடைத்தது. அந்த மக்கள் கொடுத்தார்களா, கொடுக்கும்படி ஆயிற்றா? இதைப் பேசாமல் மானை மட்டும் மெச்சுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜீப்பில் போகும்போது வழிகாட்டியிடம் கேளுங்கள். "இந்தப் புல்வெளி முன்பு எந்த ஊர்? அந்த ஊர்க்காரர்கள் இப்போது எங்கே?" வழிகாட்டிகளில் பலர் அந்தப் பக்கத்து மக்கள்தான். புலியைக் காணாவிட்டாலும் இந்தக் கதையைக் கேட்டு வரலாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். பூங்காவை மூடிவிடுவார்கள். அக்டோபருக்குப் பிறகு புறப்படுங்கள்.