எல்லோர்க்கும் ஒரே சட்டையா?



தையற்காரர் ஒருவர், ஊர்ச் சிறுவர் அனைவர்க்கும் ஒரே அளவில் சட்டை தைக்கிறார். பொருந்தாத சிறுவனைப் பார்த்து, "சட்டையில் பிழையில்லை, உன் உடம்பில்தான் பிழை" என்கிறார். சிரிக்கிறீர்கள்! நம் வகுப்பறைகளில் நெடுங்காலம் நடந்தது வேறென்ன? நாற்பது பிள்ளைகள், ஒரே பாடம், ஒரே வேகம். பின்தங்கியவன் பெயர் மக்கு! கடைசி வரிசை அவனுக்குப் பட்டா!

அந்த வரிசையில் அமர்ந்தவன் நான். கல்லூரியையும் பாதியில் விட்டவன். நாடகம் எழுதப் புகுந்த பிறகே உண்மை விளங்கிற்று. ஒரு நடிகர் வசனத்தைப் படித்த மாத்திரத்தில் பேசுவார். மற்றொருவர்க்கு நடித்துக் காட்ட வேண்டும். எழுத்தறியாத முதியவரோ காதால் கேட்டுக் கேட்டே மனனம் செய்வார். திரை விலகும்போது மூவரும் மேடையில் நிற்கிறார்கள்! ஒத்திகையில் நான் செய்வதை என் ஆசிரியர் ஏன் செய்யவில்லை? அவர்மீது கோபமில்லை, அவருக்கு யாரும் வழி காட்டவில்லை.

வழி பிறந்தது. ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகே, ரிஷிவேலியைச் சார்ந்த கிராமப் பள்ளிகளில் ஓர் ஏணி செய்தார்கள், மரத்தாலன்று, அட்டைகளால்! பாடத்தைச் சிறு சிறு படிகளாக்கி, அட்டைதோறும் சின்னம் பொறித்தார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது 'செயல்வழிக் கற்றல்' ஆயிற்று. 2007-08 கல்வியாண்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிற்று. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். அவர்தம் கைக்கெட்டும் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கி வந்தது! ஒரு குழுவுக்கு ஆசிரியர் துணை. ஒரு குழுவுக்குச் சக மாணவன் துணை. ஒரு குழு தானே கற்கும். காய்ச்சலில் நான்கு நாள் கிடந்தவன், விட்ட படியிலிருந்தே மீண்டும் ஏறலாம்.

பெருந்தொற்றால் மூடிய பள்ளிகள் திறந்தபின், 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டது. அழகான பெயர்கள்தாம். எனினும் எனக்கோர் அச்சம்: பழைய 'மக்கு'வுக்கு 'அரும்பு' புதுப்பெயர் ஆகிவிடலாகாது! மற்றோர் அச்சமும் உண்டு. ஐந்து வகுப்புக்கும் ஓரிருவரே ஆசிரியர் எனில், அவர் பொழுதையும் பதிவேடே தின்றுவிடின், எந்த ஏணியும் சுவரில் சாய்ந்தே கிடக்கும்.

ஆகவே, ஊர் திரும்பியதும் தொடக்கப் பள்ளிக்கு ஒருமுறை செல்லுங்கள். ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கடைசியில் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் காட்டி, அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்றும் கேளுங்கள். பிறகு அவனருகே அமர்ந்து, அவனையும் கேளுங்கள்.